தூந்திராவில் நடப்பது ஏன் இவ்வளவு சிரமம்?

அலாஸ்காவின் வடக்கே, புரூக்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் டூலிக் ஏரி இருக்கிறது. அதன் கரையில் 1975 முதல் ஆர்க்டிக் ஆய்வு நடந்துவருகிறது. கோடையில் அங்கே தங்கும் ஆய்வாளர்கள், விடுமுறை கிடைத்தால் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். சுற்றிலும் தூந்திரா, அதாவது மரமே இல்லாத குளிர்வெளி. ஜூன் மாதம் முழுக்கச் சூரியன் மறைவதும் இல்லை. எதிரே தெரியும் குன்று பக்கத்தில்தான் இருப்பதுபோலத் தோன்றும். நடந்தால்தான் தெரியும், அது எவ்வளவு தூரம் என்று.

இங்கே ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் குத்திப் பாருங்கள். முழங்கால் ஆழம்கூடப் போயிருக்காது, டக்கென்று நின்றுவிடும். அதற்குக் கீழே இருப்பது பெர்மாஃப்ராஸ்ட், அதாவது கோடையிலும் உருகாத உறைமண். வடகடற்கரையில் புருடோ விரிகுடா பக்கம் இது 600 மீட்டருக்கும் மேல் ஆழம் போகிறது. கோடையில் இளகுவது மேலே உள்ள மெல்லிய அடுக்கு மட்டும்தான்.

டூலிக்கில் மழையும் பனியும் சேர்ந்தே ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர்தான். வறண்ட பூமியாக இருக்க வேண்டிய இடம். ஆனால் உறைமண் தண்ணீரைக் கீழே விடாது. குளிரில் ஆவியாவதும் குறைவு. அதனால் வைக்கிற அடியெல்லாம் சதசதவென்று புதைகிறது.

நடப்பவரை உண்மையில் களைக்க வைப்பது பஞ்சுப்புல். வெள்ளைப் பஞ்சுத் தலையோடு பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். இதன் வேர்கள் ஆண்டுதோறும் செத்து, புதிதாக முளைக்கும். மண் இளக இளக, பனிக்கட்டியின் விளிம்பைத் தொட்டபடியே கீழே இறங்கும். செத்த வேரும் இலையடியும் குளிரில் லேசில் மக்காது. அவை சேர்ந்து சேர்ந்து புல் ஒரு திட்டாக உயர்கிறது. உயர்ந்த திட்டில் வெயில் நன்றாகப் படுவதால், அது சுற்றியுள்ள மண்ணைவிட முன்னதாகவே சூடாகி வளரத் தொடங்கிவிடும். ஒரு திட்டு நூறாண்டுக்கு மேலும் வாழும். தலை அகலம், அடி குறுகல் என்பதால் மேலே கால் வைத்தால் சாயும். இடையில் வைத்தால் பாசியும் தண்ணீரும். கணுக்கால் பிசகுவது இப்படித்தான்.

சரி, குன்றின் மேல் ஏறிவிட்டால்? அங்கிருந்து பார்த்தால் தாழ்நிலம் வற்றிய குளத்துச் சேறு போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். ஒவ்வொரு கட்டமும் பல மீட்டர் அகலம். கடுங்குளிரில் உறைமண் சுருங்கி வெடிக்கிறது. வசந்தத்தில் உருகுநீர் அந்த வெடிப்பில் இறங்கி உறைகிறது. அடுத்த குளிரில் பெரும்பாலும் அதே இடம்தான் மறுபடி வெடிக்கும். நூற்றாண்டுக் கணக்கில் இது தொடர, மண்ணுக்குள் ஆப்பு வடிவப் பனிக்கட்டி பருக்கிறது. அலாஸ்காவின் வடகரையில் பல குளிர்காலங்களைக் கழித்த எர்னஸ்ட் லெஃபிங்வெல் 1915இல் தந்த இந்த விளக்கம் இன்றும் நிற்கிறது.

அனுபவசாலிகள் சரளை மேடுகளையும் ஆற்றோரக் கூழாங்கல் திட்டுகளையும் தேடிப் போவார்கள். தண்ணீர் வடிந்துவிடும் இடங்கள் அவை. புல்வெளியைக் கடக்க வேண்டியிருந்தால் குழுவாகப் போகிறவர்கள் வரிசையாக நடக்காமல் பரவி நடப்பார்கள். பாசிப் போர்வைதான் கோடை வெப்பம் உள்ளே இறங்காமல் உறைமண்ணைக் காக்கிறது. ஒரே தடத்தில் பலர் மிதித்து அது நசுங்கினால், அடியில் பனி உருகித் தரை இறங்கும். அங்கே தேங்கும் தண்ணீர் இன்னும் வெப்பத்தை உறிஞ்சும். அப்புறம் அது வாய்க்கால்தான். ஆர்க்டிக் தேசிய வனவிலங்குக் காப்பகத்தில் 1984, 1985 குளிர்காலங்களில் எண்ணெய் தேடி ஓடிய வண்டிகளின் தடங்கள் சில, பல பத்தாண்டுகள் கழித்தும் அழியவில்லை. அத்தனைக்கும் அவை ஓடியது உறைந்த தரையில், பனியின் மேல்.