தோழியின் கணவர் துரோகம் செய்தால்: படங்கள் காட்டாத வேலைகள்

கணவனின் கள்ள உறவு தெரிந்ததும் மனைவியும் அவனுடைய காதலியும் தோழிகளாகி அவனைப் பழிவாங்கும் காதல் நகைச்சுவைப் படங்கள் அவ்வப்போது வருகின்றன. பெரும்பாலும் சப்பென்று முடிந்துவிடும். இரண்டு பெண்கள் மனம்விட்டுப் பேசும் நல்ல காட்சி ஒன்றிரண்டுதான். மீதியெல்லாம் பேதி மருந்து கலப்பதும் செல்பேசியைக் குடைவதுமே. டர்பனில் குடும்ப ஆலோசனை வழங்கும் எங்களைக் கவலைப்பட வைப்பது அந்த மீதிதான்.

தென்னாப்பிரிக்காவில் ஒருவருக்குத் தெரியாமல் மருந்து கலந்து கொடுப்பது தாக்குதல் குற்றம். பூட்டிய செல்பேசியை அனுமதியில்லாமல் திறந்து செய்திகளை எடுத்தால், 2021 டிசம்பரில் அமலுக்கு வந்த இணையக் குற்றச் சட்டம் பாயும். அதிலிருந்த அந்தரங்கப் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அது தனிக் குற்றம். கணவனின் காதலி வேலை செய்யும் இடத்துக்குக் கூட்டமாகப் போய்ச் சத்தம் போட்டால், துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்பு ஆணையை அவர் உங்கள் மீதே வாங்கலாம். அவரிடம் நஷ்டஈடு கேட்கவும் வழியில்லை. 2015இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த உரிமையை நீக்கிவிட்டது.

இவ்வளவு துப்பறிவதற்குத் தேவையும் இல்லை. 1979 விவாகரத்துச் சட்டப்படி, திருமணம் மீட்க முடியாதபடி முறிந்துவிட்டது என்று காட்டினால் போதும். ஜீவனாம்சத்தையும், திருமணத்தால் கிடைத்த சொத்துப் பலனைத் தவறு செய்தவர் இழக்கச் செய்வதையும் முடிவு செய்யும்போது நடத்தையை நீதிமன்றம் கணக்கில் எடுக்கலாம். அதற்கு உங்கள் செல்பேசிக்கே கணவர் அனுப்பிய செய்திகளை, எண்ணும் தேதியும் தெரியும்படி படமெடுத்து வையுங்கள்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிக் குடும்பங்கள் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது திருமணச் சான்றிதழ். கோயிலில் குருக்கள் முன்னிலையில் தாலி கட்டி, ஊருக்கே விருந்து போட்டிருக்கலாம். 1961 திருமணச் சட்டப்படி நியமிக்கப்பட்ட அதிகாரி அந்தத் திருமணத்தை நடத்திப் பதிவு செய்யவில்லை என்றால் விவாகரத்து கேட்க முடியாது. 2007இல் டர்பன் உயர் நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. கணவர் உயில் எழுதாமல் இறந்தால் இந்து முறையில் மணந்த மனைவிக்கு வாரிசுரிமை உண்டு என்று 2009இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஆனால் உயிரோடு பிரியும் மனைவிக்கு அது உதவாது. குருக்கள்களில் பலர் திருமண அதிகாரிகளும்கூட. இருந்தாலும் நம் வீடுகளில் கையெழுத்தைப் "பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போடுவது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. பதிவாகியிருந்து, திருமணத்துக்கு முன் ஒப்பந்தம் எதுவும் எழுதவில்லை என்றால் சொத்து பொதுவானது. கடனும் பொதுவானதுதான். காதலிக்காக அவர் வாங்கிய கடன் கூட்டுச் சொத்திலிருந்தே போகக்கூடும் என்பதால் கடன் விவரங்களைச் சீக்கிரம் வாங்கிப் பாருங்கள். உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் அவர் வீட்டை விற்க முடியாது; நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெட்கப்பட்டு விட்டுவிடும் ஒன்று, உடல் பரிசோதனை. நாட்டில் எச்ஐவி பாதிப்பு விகிதம் மிக அதிகமுள்ள மாகாணங்களில் ஒன்று, டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால். கணவருடன் கடைசியாக உறவு கொண்டு 72 மணி நேரம் ஆகவில்லை என்றால் கிளினிக்கில் எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் மருந்து கேளுங்கள். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். எச்ஐவி, சிஃபிலிஸ் பரிசோதனைகளை உடனே ஒருமுறையும் மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் செய்யுங்கள். முதல் பரிசோதனையில் தொற்று தெரியாமல் போகலாம். இங்கே தோழி செய்யக்கூடிய பெரிய உதவி, கூடவே போய் வரிசையில் உட்காருவது.

கணவர் கை ஓங்கினால் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி எண்: 0800 428 428. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமில்லை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் அரசு சட்ட உதவி மையம்: 0800 110 110. குழந்தைகளுக்கான பராமரிப்புத் தொகையை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். கோயில் கல்யாணம் பதிவாகாவிட்டாலும் தகப்பன் கொடுத்தே ஆக வேண்டும். பிறப்புச் சான்றிதழ், உங்கள் அடையாள அட்டை, வங்கி அறிக்கைகள், மாதச் செலவுப் பட்டியலோடு ரசீதுகள், அவர் வேலை செய்யும் இடத்தின் முகவரி ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துத் தோழி வீட்டில் கொடுத்து வையுங்கள்.