41 பைட்டில் ஒரு பிராஞ்ச்

நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டில் (Git) புது பிராஞ்ச், அதாவது தனியே வேலை செய்ய ஒரு கிளை, போடும்போது எந்தக் கோப்பும் நகலெடுக்கப்படுவதில்லை. ‘.கிட்’ ஃபோல்டருக்குள் அந்தப் பிராஞ்சின் பெயரில் ஒரு சின்னக் கோப்பு உருவாகும், அவ்வளவுதான். அதில் இருப்பது கடைசி கமிட்டின் (சேமித்துவைத்த மாற்றப் பதிவின்) அடையாள எண். 40 எழுத்து, வரிமுடிவுக்கு ஒன்று, ஆக 41 பைட். கமிட் செய்யச் செய்ய அந்த எண் மாறிக்கொண்டே போகும்.

ஆகவே பிராஞ்ச் போடுவதற்குச் செலவே இல்லை, செலவெல்லாம் மெர்ஜில்தான், அதாவது கிளைகளை மீண்டும் ஒன்றுசேர்ப்பதில்தான்.

மெர்ஜின்போது கிட் மூன்று வடிவங்களை எடுத்துக்கொள்கிறது: உங்கள் பிராஞ்ச், மெயின் (எல்லோருக்கும் பொதுவான முதன்மை பிராஞ்ச்), இரண்டும் பிரிந்த இடத்திலிருந்த பொதுக் கமிட். பொதுக் கமிட்டில் டைம்அவுட் 30 என்று இருந்தது, நீங்கள் 60 ஆக்கினீர்கள், மெயினில் யாரும் தொடவில்லை என்றால் 60 தானாக வந்துவிடும். மெயினில் வேறொருவர் 45 ஆக்கியிருந்தால் கான்ஃப்ளிக்ட்: எதை வைப்பது என்பதை கிட் உங்களிடமே விட்டுவிடும். வழக்கமான அமைப்பில் 60, 45 இரண்டு மட்டுமே கண்ணில் படும். பழைய 30 தெரியாது. ‘மெர்ஜ்.கான்ஃப்ளிக்ட்ஸ்டைல்’ அமைப்பை ‘டிஃப்3’ என்று மாற்றிவிடுங்கள், அதுவும் தெரியும். யார் எதை மாற்றினார்கள் என்று புரியாமல் கான்ஃப்ளிக்டைத் தீர்ப்பது ஆபத்து.

அதைவிடப் பெரிய ஆபத்து, கான்ஃப்ளிக்டே வராத மெர்ஜ். மெயினில் ஒருவர் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி, அதை அழைக்கும் இடங்களையெல்லாம் திருத்திவிட்டார். அதே வாரம் உங்கள் பிராஞ்சில், வேறொரு கோப்பில், பழைய பெயரிலேயே புதிதாக ஓர் அழைப்பு சேர்த்தீர்கள். கிட் வரிகளை ஒப்பிடுமே தவிர, அவற்றின் பொருள் அதற்குத் தெரியாது. மெர்ஜ் சுத்தமாக முடியும். ஜாவா என்றால் கம்பைலர் பிடித்துவிடும். பைத்தானில் அந்த வரி ஓடும்வரை வெளியே தெரியாது. மெர்ஜுக்குப் பின் டெஸ்டுகளை ஓட்டியே ஆகவேண்டும் என்பது இதனால்தான்.

பிராஞ்ச் வயதாக ஆக இரண்டு ஆபத்துகளும் கூடும். ஓரிரு நாளில் முடியும் அளவுக்கு வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். தினமும் மெயினை உங்கள் பிராஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளுங்கள். முடியாத வேலையையும் ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை அணைத்து வைக்கும் சுவிட்ச்) போட்டு மறைத்து மெர்ஜ் செய்துவிடலாம், மூன்று வாரம் தனியே வைத்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். ரீபேஸ், அதாவது உங்கள் கமிட்டுகளை மெயினின் புது முனைமேல் திரும்ப அடுக்குவது, அவற்றுக்குப் புது எண் கொடுத்துவிடும். பலர் வேலை செய்யும் பிராஞ்சில் அது வேண்டாம்.

மெர்ஜ் ஆனதும் பிராஞ்சை நீக்கிவிடுங்கள். ‘கிட் பிராஞ்ச்’ கட்டளையில் சிறிய எழுத்து ‘-டி’ (-d) கொடுத்தால், மெர்ஜ் ஆகாத பிராஞ்சை நீக்க கிட் மறுக்கும். பெரிய எழுத்து ‘-டி’ (-D) கேட்காமலே நீக்கிவிடும். அப்படித் தவறிப்போனாலும் போனது பெயர் மட்டும்தான். ‘கிட் ரீஃப்லாக்’ (நீங்கள் இருந்துவந்த கமிட்டுகளின் பட்டியல்) கொடுத்து பழைய கமிட்டின் எண்ணைத் தேடியெடுத்து, ‘கிட் பிராஞ்ச்’ கட்டளையில் பெயரையும் அந்த எண்ணையும் கொடுத்தால் பிராஞ்ச் திரும்பிவிடும். இதற்கு வழக்கமான அவகாசம் 30 நாள்.