தாய்ச்சிக்குள் ஒரு மோட்டுவளை

தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையைத் தமிழில் சொல்லப் புகுந்தவர்கள் ‘உயிராற்றல் கலை’ என்றோ ‘மூச்சுக் கலை’ என்றோ எழுதிவிடுகிறார்கள். ‘சி’ என்றால் சீன மொழியில் மூச்சு, ஆகவே தாய்ச்சி என்றால் மூச்சை வளர்க்கும் கலை என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பு. மூச்சைக் குறிக்கும் சொல் வேறு, தாய்ச்சியின் வாலில் இருக்கும் சொல் வேறு. சீனத்தில் இரண்டுக்கும் எழுத்தும் ஒன்றல்ல, உச்சரிப்பும் ஒன்றல்ல.

குழப்பம் ஆங்கிலம் வழியாக வந்தது. 19ஆம் நூற்றாண்டில் வேட், ஜைல்ஸ் என்ற இருவர் பெயரால் நிலைத்த, சீனத்தை ஆங்கில எழுத்தில் எழுதும் முறையில், காற்றை ஊதி ஒலிக்கும் ‘ச்சி’க்குத் தலையில் ஒரு சின்னக் காற்புள்ளி போடுவார்கள். ஊதாத ‘ஜி’க்குப் போட மாட்டார்கள். மூச்சுக்குப் புள்ளி உண்டு, தாய்ச்சியின் கடைசி அசைக்கு இல்லை. நாளடைவில் புள்ளி உதிர்ந்துபோக, இரண்டும் ஒரே சொல்லாகத் தெரிய ஆரம்பித்தன. சீன அரசு 1958இல் ஏற்ற பின்யின் முறை இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து கொடுத்துவிட்டது. நமக்கோ ‘சி’ ஒன்றுதான். அதனால் ‘தாய்ஜி’ என்று எழுதுவதே மூலத்துக்குக் கிட்டே வரும். ஒளிந்து விளையாடும் பிள்ளைகள் ஓடிவந்து தொடுகிற ‘தாச்சி’யோடு குழம்பாமலும் இருக்கும்.

அந்த ‘ஜி’க்கு என்ன பொருள்? கி.பி. 100ஐ ஒட்டி ஷூ ஷென் தொகுத்த அகராதி சொல்வது: கூரை உச்சியில் நீளவாக்கில் ஓடும் மரம். எழுத்தின் இடப்பக்கத்திலேயே ‘மரம்’ என்ற குறி நிற்கிறது. ஓட்டு வீட்டில் படுத்தபடி நாம் வெறித்துப் பார்க்கும் அதே மோட்டுவளை, முகட்டு வளை. அதிலிருந்து உச்சி, கடைசி எல்லை என்று பொருள் விரிந்தது. தமிழ் ‘முகடு’ம் அப்படித்தான், வீட்டுக்கும் முகடு, மலைக்கும் முகடு. ‘தாய்’ என்றால் மிகப் பெரிய. ஆக, தாய்ஜி என்பது பெருமுகடு.

மாற்றங்களின் நூலாகிய ‘ஈ ஜிங்’கின் விளக்கவுரைப் பகுதி ஒன்று, இந்தப் பெருமுகட்டிலிருந்து இரண்டு பிறக்கின்றன என்கிறது. அந்த இரண்டுதான் யின், யாங். இவற்றுக்கும் அடிப்பொருள் மலையைச் சேர்ந்தது: யின் நிழல் விழும் சரிவு, யாங் வெயில் விழும் சரிவு. சேலம் கோரிமேட்டில் நின்று காலையில் சேர்வராயன் மலையைப் பார்த்தால் ஒரு பக்கம் பளிச்சென்றும் மறுபக்கம் கருநீலமாகவும் இருக்கும். நடுவில் ஓடும் கோடு முகடு. இதைவிட நல்ல படம் அகராதியில் கிடைக்காது.

பொருள் தவறினால் பயிற்சியும் தவறும். மூச்சுக் கலை என்று நினைத்து வருபவர் முதல் நாளே தம் பிடிக்கிறார். நெஞ்சு உப்பி, தோள் காதருகே ஏறி, கழுத்து விறைத்துவிடும். முகடு என்று புரிந்தவர் உச்சந்தலையை மேலே தூக்கியபடி, மோவாயை லேசாக உள்ளே இழுத்து, வால் எலும்பைத் தரை பார்க்கத் தொங்கவிடுவார். தோள் தானாக இறங்கும், மூச்சும் அதன் போக்கில் வந்துபோகும். அந்த முகட்டிலிருந்து எடை இரண்டு சரிவுகளாகப் பிரிகிறது. ஒரு கால் நிறைகால், மற்றது வெறுங்கால். நகரும்போது இரண்டு காலிலும் சரிபாதி எடை தேங்கினால் அதற்கு ‘இரட்டைப் பாரம்’ என்று பெயர். எந்தக் காலையும் சட்டென்று எடுக்க முடியாது, லேசாகத் தள்ளினாலே தடுமாறுவோம்.

(மூச்சைக் குறிக்கும் அந்த இன்னொரு சொல்லுக்கும் நம்மிடம் பொருத்தமான சொல் இருக்கிறது. அதன் பழைய எழுத்துக்குள் அரிசியும் மேலே எழும் புகையும் இருக்கும். அது சோற்றுப் பானையின் ஆவி. தமிழிலும் ஆவி என்றால் நீராவி, மூச்சு, உயிர் எல்லாம்தான். ஆனால் ‘ஆவிப் பயிற்சி’ என்று பலகை மாட்டினால் யாரும் மாலையில் வகுப்புக்கு வர மாட்டார்கள்.)

அடுத்த சொல் ‘பூ’. கால் வைக்கும் முறைகளுக்கு மாபூ, கோங்பூ, சூபூ என்று பெயர்கள் வரிசையாக வரும். ஆங்கிலப் பாடப் புத்தகத்தைப் பார்த்து எல்லாவற்றையும் ‘நிலை’ என்கிறோம். குதிரை நிலை, வில் நிலை. தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் அரைகுறை. ‘பூ’ என்ற எழுத்தின் பழைய வடிவம் முன்பின்னாக வைத்த இரண்டு பாதங்கள். நிற்பது அதில் இல்லை, அடியெடுத்து வைப்பதுதான் இருக்கிறது. சிலம்பத்தில் காலடி, சுவடு என்ற சொற்கள் வழக்கில் உள்ளன. சுவடு என்றால் பதிந்த பாதமும் அடியெடுப்பும் சேர்ந்தே வரும். பூவுக்குச் சுவடே சரி.

மாபூ என்பது குதிரைச் சுவடு. குதிரைமேல் உட்கார்ந்தவன் கால்போல இரண்டும் விரிந்து இறங்கும். கால்களைச் சேர்த்து நின்று, குதிகாலை ஊன்றி விரல்பக்கத்தை வெளியே திருப்பவும். பிறகு விரலை ஊன்றிக் குதிகாலை வெளியே திருப்பவும். இப்படி மாறி மாறி விரித்துக்கொண்டு போய், இடையில் உங்கள் பாத நீளம் மூன்று கொள்ளும் அகலம் வந்ததும், பாதங்கள் இணையாக இருக்கும்படி நிறுத்தவும். முதுகை நிமிர்த்தி இறங்கவும். தேர்ந்தவருக்குத் தொடை தரைக்கு இணையாக வரும், புதியவருக்கு அதில் பாதி இறக்கம் போதும். 20 முதல் 30 விநாடி, மூன்று தடவை.

இதில் கெடுவது பெரும்பாலும் முழங்கால்தான். தொடை களைத்ததும் இரண்டு முட்டியும் உள்ளே சாயும், எடை முட்டியின் உள்பக்க நாரில் விழும். முட்டி எப்போதும் இரண்டாம் விரலுக்கு நேராக இருக்க வேண்டும், விரல்நுனியைத் தாண்டக் கூடாது. தொடை எரிந்தால் பரவாயில்லை, முட்டிக்குள் குத்தினால் உடனே எழுந்துவிட வேண்டும். இன்னொன்று, பிட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிவது. பார்க்க ஆழமாக இறங்கியதுபோல் இருக்கும், பாரமெல்லாம் இடுப்பில்தான்.

தரையையும் கவனிக்க வேண்டும். சேலத்தில் மொட்டைமாடிதான் பலருக்குப் பயிற்சிக்கூடம். மழைத்தண்ணீர் ஓடத் தளத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. தினமும் ஒரே திசை பார்த்து நின்றால் பள்ளத்துப் பக்க முட்டிதான் அடிவாங்கும், எனவே ஒவ்வொரு சுற்றுக்கும் திசையை மாற்றுவது நல்லது. சித்திரையில் எட்டு மணிக்கு மேல் வெறுங்கால் வைக்க முடியாது என்பது தனி. ஏற்காட்டில் கதை வேறு: பனி பிடித்த புல்லில் பின்கால் வழுக்கும்.

கோங்பூ வில் சுவடு. முன்கால் வில்லாக வளையும், பின்கால் நாணாக நீளும். தாய்ஜியில் புதியவர் செய்யும் பெரிய பிழை, இரண்டு குதிகாலையும் ஒரே கோட்டில் வைத்துக் கயிற்றின்மேல் நிற்பதுபோல் ஆடுவது. குறுக்கே 10 முதல் 30 செ.மீ. இடைவெளி வேண்டும். எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பங்கு முன்னால், மீதி பின்னால். தோளில் பக்கவாட்டாக இரண்டு விரலால் ஒருவர் தள்ளட்டும், அகலம் போதாதென்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

சூபூவில் முன்பாதம் தரையைத் தொடும், எடை தாங்காது. ‘சூ’ என்றால் வெறுமை, ஆகவே வெற்றுச் சுவடு. முன்காலை அப்படியே ஒரு விரற்கடை தூக்கிப் பாருங்கள். உடம்பு அசைந்தால் கால் இன்னும் வெறுமையாகவில்லை.

கைக்கு வருவோம். தாய்ஜியோடு ஒட்டி வரும் ‘ச்சுவான்’ என்பதற்கு மடக்கிய கைமுட்டி, குத்து, அதன்வழி குத்துச்சண்டை முறை என்று பொருள். கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் ஒளித்து முட்டி பிடிப்பவர் முதல் குத்திலேயே அதைச் சுளுக்கிக்கொள்வார். கட்டைவிரல் வெளியே, சுட்டுவிரலுக்கும் நடுவிரலுக்கும் மேல் குறுக்காகப் படிய வேண்டும், மணிக்கட்டு முன்கையோடு ஒரே கோடு. குங்ஃபூவில் உள்ளங்கை மேல்நோக்க இடுப்பில் தொடங்கும் குத்து, முழங்கை விலாவைத் தாண்டியதும் சுழன்று, உள்ளங்கை கீழ்நோக்க முடியும். தாய்ஜியில் கைமுட்டி நிமிர்ந்தபடி, கட்டைவிரல் பக்கம் மேலாக, முழங்கையில் கொஞ்சம் மடிப்பு வைத்து நெஞ்சுயரத்தில் நிற்கும்.

பெருமுகட்டுக் குத்து என்று பெயர் வைத்தால் வாயில் நுழையாது, தாய்ஜி என்ற பெயர் அப்படியே இருக்கட்டும். உள்ளே புழங்கும் சொற்களைத் தமிழாக்கினால் போதும். அசைவுத் தொடரை ஆங்கிலத்தைப் பார்த்துப் ‘படிவம்’ என்பது சகிக்கவில்லை, ரேஷன் கடையில் நிரப்பும் தாள்தான் நினைவுக்கு வருகிறது. குத்துவரிசை என்று தமிழ்நாட்டுக் கலையே ஒன்று இருக்கிறது. 1956இல் சீன விளையாட்டுத் துறை யாங் என்ற குடும்பத்தின் மரபிலிருந்து சுருக்கித் தொகுத்த தொடரை ‘24 வரிசை’ என்று தாராளமாகச் சொல்லலாம்.

குங்ஃபூவோ சீனத்தில் சண்டைக் கலையின் பெயராகப் பிறந்ததே அல்ல. உழைப்பும் காலமும் போட்டுக் கிடைத்த தேர்ச்சி என்பதே அடிப்பொருள். சண்டைக் கலைக்கு அங்கே பொதுப்பெயர் வூஷூ. தமிழில் ‘கைவந்த கலை’ என்கிறோமே, அந்தக் ‘கைவந்தது’தான் குங்ஃபூ. சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக் கண்ணிகளைப் பார்க்காமலே கோக்கிற விரலுக்கு இருப்பது குங்ஃபூ. 1779இல் வெளிவந்த கட்டுரையில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இச்சொல்லை ஐரோப்பாவுக்கு எழுதியபோதும், துறவிகளின் உடல் நிலைகளையும் மூச்சுப் பயிற்சியையும்தான் குறித்தார். தென்சீனத்தில் இன்றும் குங்ஃபூ தேநீர் உண்டு. கேட்டால் சின்னக் கிண்ணங்களும் சின்னக் கெண்டியும் மேசைக்கு வரும்.