பிங் போனால் போதுமா?

மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனி இருப்பதாக வைத்துக்கொள்வோம். எடை, விலை, யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கெல்லாம் தினமும் தூத்துக்குடி அலுவலகத்துக்குப் போக வேண்டும். இடையில் இருப்பதோ பொது இன்டர்நெட். அதனால் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு விபிஎன் கேட்வே. இந்தப் பக்கம் பாக்கெட்டை, அதாவது தரவின் ஒரு துண்டை, குறியாக்கி அனுப்பும், அந்தப் பக்கம் பிரித்துக் கொடுக்கும். வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருள் 2020 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே வருவதால் ஒரு சின்னப் பெட்டியே இதற்குப் போதும்.

அமைக்க வந்தவர் பிங் அடித்துப் பார்ப்பார், அதாவது அந்தப் பக்கத்துக்கு ஒரு சின்னப் பாக்கெட் அனுப்பி பதில் வருகிறதா என்று பார்ப்பார். பதில் வந்ததும், "சரி, ஓடுது" என்று கிளம்பிவிடுவார். அந்தப் பதிலுக்கு அர்த்தம், இந்த நொடியில் வழி இருக்கிறது என்பது மட்டும்தான்.

மற்றதைச் சோதனைகளைத் தானாக ஓட்டும் ஒரு ஸ்கிரிப்ட்தான் பார்க்க வேண்டும். லினக்ஸில் நெட்வொர்க் நேம்ஸ்பேஸ் என்று ஒரு வசதி உண்டு. ஒரே லேப்டாப்புக்குள் தனித்தனி நெட்வொர்க்குகளைக் கட்டலாம். மண்டபம் கம்ப்யூட்டர், அதன் கேட்வே, நடுவில் போலி இன்டர்நெட், தூத்துக்குடி கேட்வே, அங்குள்ள சர்வர் என்று ஐந்து இருந்தால் முழுப் பாதையும் மேசைமேல் வந்துவிடும். வயர்கார்டின் சொந்தச் சோதனை ஸ்கிரிப்டும் இந்த வசதியை நம்பித்தான் ஓடுகிறது.

முதலில் ரகசியம். "நண்டு40" என்ற எழுத்துகளை யூடிபி பாக்கெட்டில் வைத்து அனுப்பிவிட்டு, நடுவில் டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பிடிக்கும் கருவி பிடித்ததில் அதைத் தேட வேண்டும். கிடைக்கக் கூடாது. ஆனால் டிசிபிடம்ப் ஓடாமலே இருந்தாலும் கிடைக்காதே! அதனால் டன்னல் (கேட்வேக்களுக்கு இடையிலான குறியாக்கிய வழி) இல்லாமல் அதே எழுத்துகளை ஒருமுறை அனுப்பி, இப்போது கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தோற்க வேண்டிய இடத்தில் தோற்காத சோதனையை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போதே வயர்கார்டு இடைமுகத்தை, அதாவது டன்னலுக்குள் போகும் வாசலை, ஸ்கிரிப்ட் அழித்துவிட வேண்டும். டன்னலுக்கான வழி (ரூட்) போய்விடுவதால், ஃபயர்வால் தடுக்காவிட்டால் பாக்கெட்டுகள் சாதாரண வழியில் அப்படியே வெளியேறும். பிங் அடித்துப் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

நேரமும் ஏமாற்றும். வயர்கார்டு தரவு போய்க்கொண்டிருக்கும்போது 120 விநாடிக்கு ஒருமுறை குறியாக்கத்துக்கான புதுச் சாவி பேசிக்கொள்ளும். 180 விநாடி தாண்டிய பழைய சாவியை ஏற்காது. புதுச் சாவி பேசுவதில் கோளாறு இருந்தால் ஒரு நிமிடச் சோதனை சிரித்துக்கொண்டே பாஸ் ஆகிவிடும். நாலு நிமிடமாவது தரவு ஓடட்டும்.

கரையோரத்தில் இன்னொன்று. கேபிள் அறுந்தால் கேட்வே சிம்முக்கு மாறும், ஐபி முகவரியும் மாறும். புது முகவரியிலிருந்து சரியான பாக்கெட் ஒன்று வந்ததுமே தூத்துக்குடிப் பக்கம் தன் பதிலை அங்கே திருப்ப வேண்டும். தரவு போகும்போதே ஸ்கிரிப்ட் முகவரியை மாற்றும். கூடவே நெட்எம் என்ற லினக்ஸ் வசதியைக் கொண்டு தாமதத்தையும் பாக்கெட் இழப்பையும் சேர்த்தால் நம்ம ஊர் சிக்னல் மாதிரியே இருக்கும்.

கடைசியாக, அளவு. ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டில் 1500 பைட் போகும். வயர்கார்டின் தலைப்புகளுக்கு (பாக்கெட்டின் முன்னால் சேரும் விவரங்கள்) இடம் விட்டு உள்ளே பொதுவாக 1420 வைப்பார்கள். பிங்குக்கு வேண்டிய ஐபி, ஐசிஎம்பி தலைப்புகள் 28 பைட். எனவே துண்டாக்கத் தடைபோட்டு 1392 பைட் பிங் அனுப்பினால் போக வேண்டும், 1393 போகக் கூடாது. வழியில் எங்காவது இந்த அளவு குறைந்திருந்தால் சின்ன பிங் போகும், நாள் கணக்கு ஃபைல் பாதியில் நிற்கும்.