கருவிழிக்கு 25 டோக்கன்: நைரோபியில் நடந்தது

2023 ஜூலை இறுதியில் நைரோபியின் கேஐசிசி மாநாட்டு மையத்தில் ஆயிரக்கணக்கானோர் வரிசைகட்டி நின்றார்கள். 'ஆர்ப்' என்ற உருண்டைக் கருவியைச் சில நொடிகள் உற்றுப் பார்த்தால் போதும். வேர்ல்ட்காயின் என்ற கிரிப்டோ நாணயத் திட்டத்தின் 25 டோக்கன் கிடைக்கும், அன்றைய மதிப்பில் சுமார் 7,000 கென்ய ஷில்லிங். ஆகஸ்ட் 2 அன்று அரசு இந்தப் பதிவை நிறுத்தியது.

அந்த நொடிகளில் கேமரா அகச்சிவப்பு ஒளியில் கருவிழியைப் படமெடுக்கிறது. அதன் வரிகளையும் குழிகளையும் மென்பொருள் 0, 1 கொண்ட நீண்ட குறியீடாக மாற்றி, ஏற்கெனவே பதிவானவற்றோடு ஒப்பிடுகிறது. வேறு வேறு கண்கள் என்றால் ஏறத்தாழ பாதி இடங்கள் மாறுபடும். ஒரே கண் என்றால் அதைவிட மிகக் குறைவான இடங்களே. ஒருவர் இரண்டாம் முறை வந்தால் இப்படித்தான் பிடிபடுவார்.

படத்தை அழித்துவிட்டு, குறியீட்டை மட்டும் வைத்துக்கொள்வதே வழக்கம் என்றது வேர்ல்ட்காயினை நடத்தும் நிறுவனம். ஆளைக் காட்டிக்கொடுப்பதே அந்தக் குறியீடுதானே! திருடுபோனால் கடவுச்சொல்லை மாற்றலாம், கண்ணை மாற்ற முடியாது.

கென்யாவின் 2019 தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதை முன்கூட்டியே யோசித்திருக்கிறது. ஆபத்து அதிகமுள்ள தரவு வேலை என்றால், எதற்காக எடுக்கிறோம், அவ்வளவும் தேவையா, என்ன கெடுதல் வரலாம், எப்படித் தடுப்போம் என்பதை எழுதி, தொடங்குவதற்கு 60 நாள் முன்பே தரவு ஆணையரிடம் தர வேண்டும். ஹுதுமா நம்பா என்ற அரசு அடையாள அட்டைத் திட்டமே இந்தத் தாக்க மதிப்பீட்டைச் செய்யாமல் 2021இல் நீதிமன்றத்தில் சறுக்கியது.

வேர்ல்ட்காயின் வழுக்கியதும் அதே இடத்தில்தான். முறையான மதிப்பீடு இல்லை. டோக்கனைக் காட்டி வாங்கிய சம்மதமும் செல்லாது என்று 2025 மே 5 அன்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கைச்செலவுக்கே திண்டாடுபவரிடம் பணத்தை நீட்டிவிட்டு 'சம்மதமா?' என்று கேட்டால் வேறென்ன பதில் வரும்? சேகரித்த உடலடையாளத் தரவை ஆணையரின் மேற்பார்வையில் ஏழு நாளில் அழிக்கவும் உத்தரவானது.

அழிப்பதில்தான் சிக்கல். படம், குறியீடு, காப்பு நகல் எல்லாம் தனித்தனி இடங்களில் இருக்கும். சேமிக்கத் தனியாகச் சம்மதித்தவர்களின் படங்களை மென்பொருளைப் பயிற்றுவிக்கவும் பயன்படுத்த நிறுவனத்தின் விதிமுறைகளில் இடமிருந்தது. கோப்பை நீக்கினாலும் அவற்றில் பயின்ற மென்பொருள் (மாடல்) கற்றது போகாது; அந்தப் படங்களை விலக்கி மறுபடி பயிற்றுவிப்பதே உறுதியான வழி. மேற்பார்வையிடுபவர் சர்வரோடு நிற்காமல், எந்த மாடல் பதிப்பு எந்தப் படங்களில் பயின்றது என்ற பதிவேட்டையும் கேட்டு வாங்க வேண்டும்.