ஒரு மடக்குத் தண்ணீரின் பயணத்தை அளத்தல்

விழுங்கிய தண்ணீர் தன் எடையால் மட்டுமே இரைப்பைக்குள் இறங்குவதில்லை. சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கி, நொடிக்கு 3 அல்லது 4 செ.மீ. வேகத்தில் அதைத் தள்ளிச் செல்கின்றன. தலைகீழாக நின்றாலும் விழுங்க முடிவது இதனால்தான். இரைப்பையின் வாயிலை இறுக்கி வைத்திருக்கும் கீழ்ச் சுருக்குத்தசை, அந்த அலை வந்து சேர்வதற்கு முன்பே தளர்ந்து வழிவிட வேண்டும். தள்ளுவதோ தளர்வதோ பிசகினால் உணவு நெஞ்சில் அடைத்து நிற்கும்.

விழுங்கச் சிரமப்படுபவருக்கு முதலில் எண்டோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கும் சோதனை, செய்வது மிகச் சரி; புற்றுநோயையும் தழும்புச் சுருக்கத்தையும் அதுவே காட்டும். ஆனால் அது குழாயின் உட்சுவரைக் காட்டுமே தவிர, தசையின் வேலையை அளக்காது. ஆகவே எண்டோஸ்கோபியில் குறையில்லை என்பதாலேயே நோயாளியின் துன்பத்தை மனப்பிரமை என்று ஒதுக்குவது பெரும் தவறு.

தசையின் வேலையை அளப்பது மானோமெட்ரி. இன்று பரவலாகப் பயன்படும் உயர் துல்லிய முறையில், 1 செ.மீ. இடைவெளியில் 36 அழுத்த உணரிகள் பதித்த மெல்லிய குழாயை மூக்கின் வழியே இரைப்பை வரை செலுத்துகிறார்கள். நோயாளி விழுங்கியாக வேண்டும் என்பதால் மயக்க மருந்து கிடையாது; மூக்கை மரத்துப்போகச் செய்யும் களிம்பு மட்டுமே உண்டு. படுத்த நிலையில் 5 மி.லி. தண்ணீரைப் பத்து முறை விழுங்கச் சொல்லி, பிறகு உட்கார்ந்த நிலையிலும் சில முறை பார்க்கிறார்கள்.

முன்பு சில உணரிகளே இருந்ததால், தனித்தனி வளைகோடுகளைக் கொண்டு இடையில் நடந்ததை ஊகிக்க வேண்டியிருந்தது. செயின்ட் லூயிஸின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரே கிளவுஸ் 1990களில் அதை நிறப்படமாக மாற்றினார். கிடையாக நேரம், செங்குத்தாகக் குழாயின் நீளம், அழுத்தத்துக்கு நிறம்: குறைவென்றால் நீலம், மிகுதியென்றால் சிவப்பு. நலமான விழுங்குதல் இதில் சரிந்திறங்கும் ஒரு பட்டையாகத் தெரியும்.

கீழ்ச் சுருக்குத்தசை தளர்ந்ததா என்பதைக் கணக்கிடும் முறை நுட்பமானது. அதே இடத்தில் உதரவிதானமும் ஒவ்வொரு மூச்சுக்கும் இறுக்குவதால், விழுங்கிய பின்னான 10 நொடிகளில் அழுத்தம் மிகக் குறைந்த 4 நொடிகளை, அவை தொடர்ச்சியாக இல்லாவிட்டாலும், பொறுக்கிச் சேர்த்துச் சராசரி எடுக்கிறார்கள். பரவலாக உள்ள ஒரு கருவியில், படுத்த நிலையில் இது 15 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் தளர்வு போதவில்லை என்று பொருள். மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வலிநிவாரணிகளும் இந்த எண்ணை உயர்த்தக்கூடும் என்பதால், நோயாளி உண்ணும் மருந்துகளைக் கேட்டறியாமல் முடிவுக்கு வரக்கூடாது.

தளர்வு போதாமல், சீரான அலையும் இல்லாத நோய் அக்கலேசியா. தசையைத் தளர்த்தும் நரம்பணுக்கள் அழிவதால் வருவது. இதன் முதல் வகையில் குழாய் செயலற்றுக் கிடக்கிறது; இரண்டாம் வகையில் குழாய் முழுவதும் ஒரே நேரத்தில் அழுத்தம் ஏறுகிறது; மூன்றாம் வகையில் கீழ்ப்பகுதி காலத்துக்கு முன்பே இசிவெடுத்துச் சுருங்குகிறது. 2008இல் வரையறுக்கப்பட்ட இந்தப் பிரிவு சிகிச்சையையே திசைதிருப்பியது. அழிந்த நரம்பணுக்களை மீட்க முடியாததால், வாயிலின் இறுக்கத்தைக் குறைப்பதே வழி: 30 முதல் 40 மி.மீ. விட்டமுள்ள பலூனால் விரிப்பது, ஜெர்மன் அறுவை மருத்துவர் எர்ன்ஸ்ட் ஹெல்லர் 1913இல் செய்த தசை வெட்டு, ஜப்பானின் ஹருஹிரோ இனோவே 2008இல் தொடங்கிய, வாய்வழி எண்டோஸ்கோப்பால் செய்யும் தசை வெட்டு. இரண்டாம் வகையே இவற்றுக்கு மிக நன்றாக இணங்குகிறது. மூன்றாம் வகையில் இசிவு வாயிலுக்கு மேலேயும் இருப்பதால் பலூன் போதாது. எவ்வளவு நீளம் வெட்டுவது என்பதை நிறப்படத்தில் இசிவு தொடங்கும் இடமே சொல்கிறது.

அக்கலேசியாவில் தேங்கி நிற்கும் உணவும் நெஞ்செரிச்சல் தரும். அதை இரைப்பை அமிலம் மேலேறும் அமிலப் பின்னோட்டம் என்று எண்ணி, வாயிலை மேலும் இறுக்கும் அறுவையைச் செய்துவிட்டால் நிலை மோசமாகும். ஆகவே அத்தகைய அறுவைக்கு முன் மானோமெட்ரி கட்டாயம் என்றே சொல்வேன்.

சிகிச்சைக்குப் பிறகும் அளவு தேவைப்படுகிறது. எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் கலந்த திரவத்தைக் குடிக்கச் செய்து 1, 2, 5 நிமிடங்களில் எக்ஸ்ரே எடுத்து, குழாயில் நிற்கும் திரவத்தின் உயரத்தை ஒப்பிடுகிறார்கள். நோயாளி நலமாக உணர்ந்தும் ஐந்தாம் நிமிடத்தில் திரவம் உயர்ந்தே நின்றால், அவரைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியிருக்கும்.