குஸ்கோவில் தண்ணீர் 88 டிகிரியில் கொதிக்கும்

சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 13 டிகிரியில் இருக்கிறது. பெரு நாட்டின் குஸ்கோ தெற்கே 13.5 டிகிரியில். வரைபடத்தை மட்டும் பார்த்தால் இரண்டுமே வெக்கை ஊர்கள்தான். ஆனால் இன்காக்களின் தலைநகரமாக இருந்த குஸ்கோ, ஆண்டிஸ் மலையில் 3,400 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம் என்று சொல்லும் பட்டியல்கள் ஏராளம். அந்தத் தட்டில் இருப்பது ஏன் அங்கே வந்தது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் காற்றழுத்தத்தில் போய் முடியும்.

அவ்வளவு உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மேலிருந்து அமுக்கும் காற்று குறைவாக இருப்பதால் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகத் துணிகிறது. 88, 89 டிகிரியிலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் வேகமாக ஆவியாகுமே தவிர, மூடாத பாத்திரத்தில் சூடு அதற்கு மேல் ஏறாது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் வேதிவினையின் வேகம் கிட்டத்தட்ட பாதியாகும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. பருப்பும் பயறும் வேகும் கதையும் அதுதான்: தோலையும் செல்களையும் ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் இளகுவதற்கு நேரம் பிடிக்கும். குக்கர் இருந்தால் பிழைத்தோம்.

ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சான் பெத்ரோ சந்தைக்குக் காலையில் போனால், பெரிய பானைகளில் கோழி சூப்பும் கினோவா சூப்பும் நெடுநேரமாகக் கொதித்துக்கொண்டிருக்கும். முதல் நாள் சாப்பாட்டுக்கு என் ஓட்டு இந்தச் சந்தைக்குத்தான். கினோவா சின்ன விதை. 88 டிகிரியிலும் சட்டென்று வெந்துவிடும். கோழியோ பானையிலேயே ஊறிக்கிடந்து பதமாகிறது.

கொதிநீரின் இந்த எல்லையைத் தாண்டவும் வழி வைத்திருக்கிறார்கள். கான்ச்சா என்பது வறுத்த மக்காச்சோளம். மேசையில் உட்கார்ந்ததும் ஒரு கிண்ணம் வந்துவிடும். வறுசட்டிக்கு 88 டிகிரி கட்டுப்பாடெல்லாம் கிடையாது. வாத்தியா இன்னும் சுவாரஸ்யம். உருளைக்கிழங்கு அறுவடை முடிந்ததும் வயலிலேயே மண்கட்டிகளைக் கூம்பாக அடுக்கி, உள்ளே விறகை எரிப்பார்கள். கட்டிகள் நன்றாகக் காய்ந்ததும் கிழங்கை உள்ளே தள்ளி, கூம்பை அதன்மேலேயே இடித்து மூடிவிடுவார்கள். கிழங்குக்குள் இருக்கும் ஈரம் அங்கேயும் 88-ஐத் தாண்டாதுதான். ஆனால் சுற்றியிருக்கும் சூட்டில் தோல் வறண்டு, லேசாகத் தீய்ந்து, கொதிநீர் ஒருபோதும் தர முடியாத ஒரு மணத்தைப் பிடித்துக்கொள்ளும். ரொகோட்டோ மிளகாயும் வாக்கத்தாய் இலையும் அரைத்த துவையலோடு, ஜூன், ஜூலையில் நகருக்கு வெளியே யாராவது கூப்பிட்டால் விடவே கூடாது.

அதே மாதங்கள்தான் சுன்யோ, அதாவது உறையவைத்துக் காயவைத்த உருளைக்கிழங்கு, போடும் பருவமும். தென்கோளத்தில் அப்போது குளிர்காலம். மேகமில்லாத வானம், வறண்ட மெல்லிய காற்று. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவில் தடையில்லாமல் வானத்துக்கு விட்டுவிடுவதால், 3,800 மீட்டருக்கு மேலே உறைபனி இறங்குகிறது. கிழங்குகளைத் தரையில் பரப்பி வைக்கிறார்கள். உருளைக்கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். இரவில் அது பனிக்கட்டியாக உறைந்து விரியும்போது செல்சுவர்கள் கிழிகின்றன. பகலில் உருகியதும் கிழங்கு தொளதொளவென்று ஆகிவிடும். அப்புறம் வெறுங்காலால் மிதிப்பார்கள். தோல் உரிந்து, சாறு பீறிட்டு வெளியேறும். சில நாட்கள் இப்படி உறைவதும் உருகுவதுமாகப் போய், வெயிலில் காய்ந்து, கடைசியில் பார்க்கக் கூழாங்கல் போல, ஆனால் கனமில்லாத ஒரு கறுத்த கட்டி மிஞ்சும். பல ஆண்டுகள் கெடாது.

இதை உலகின் முதல் உறைஉலர் உணவு என்று எழுதுவார்கள். கொஞ்சம் மிகைதான். உறைஉலர் இயந்திரத்தில் பனிக்கட்டி வெற்றிடத்தில் நேரடியாக ஆவியாகிறது. சுன்யோவில் பெரும்பாலான நீரை வெளியேற்றுவது காலும் வெயிலும். எனக்கு இதைவிட வியப்பான விஷயம் வேறு. அந்த உயரத்தில் பனியைத் தாங்கி வளரும் கிழங்குகள் கசப்பானவை; கிளைக்கோஆல்கலாய்டு என்ற நச்சு அதிகம், வேகவைத்தாலும் போகாது. செல்கள் கிழிந்து சாறு வழியும்போது நச்சும் கூடவே வெளியேறுகிறது. மொராயா என்ற வெள்ளை வகைக்கு, உறைந்த கிழங்கை ஓடும் நீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுத்தான் காயவைப்பார்கள். அப்படியே சாப்பிட முடியாத கிழங்கு, பஞ்ச காலத்துக்கான சேமிப்பாகிவிடுகிறது. குஸ்கோவில் சூப்பில் மொராயா மிதந்தால் ஒதுக்காதீர்கள். தனியாகச் சுவை அதிகம் இல்லை. சாற்றை உறிஞ்சிக்கொள்வதில்தான் அதன் கெட்டிக்காரத்தனம்.

சரி, குடிப்பதற்கு? கம்பு நுனியில் சிவப்புத் துணியோ சிவப்பு பிளாஸ்டிக் பையோ கட்டித் தொங்கும் வீட்டைத் தேடுங்கள். அங்கே புதுச் சிச்சா இருக்கிறது என்று அர்த்தம். சிச்சா மக்காச்சோள மது. சோளத்தில் இருப்பது மாவுச்சத்து. ஈஸ்டுக்கு அதைத் தின்னத் தெரியாது, சர்க்கரைதான் வேண்டும். அதனால் சோளத்தை ஊறவைத்து முளைகட்டுகிறார்கள். முளை வளர்வதற்காக விதை தானே அமைலேஸ் நொதியைத் தயாரித்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக வெட்டத் தொடங்கும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் கஞ்சி காய்ச்சினால் கெட்டியாகாமல் நீர்த்துப்போகிறதே, அதே நொதியின் வேலை. முளைத்த சோளத்தைக் காயவைத்தால் அது ஹோரா. அதை உடைத்து, தண்ணீரில் கரைத்து மெல்லச் சூடாக்கும்போது நொதி மிச்ச வேலையையும் முடிக்கிறது. பிறகு நெடுநேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறியதும் பானையில் ஊற்றுகிறார்கள். முந்தைய சிச்சாவின் வண்டலில் ஈஸ்டும் லாக்டிக் பாக்டீரியாக்களும் காத்திருக்கும். ஒன்று ஆல்கஹாலைத் தருகிறது, மற்றது புளிப்பை. ஆல்கஹால் பொதுவாக பியரைவிடக் குறைவு.

முளைகட்டாமல் வேலையை முடிக்க இன்னொரு பழைய வழியும் ஆண்டிஸில் இருந்தது: சோளமாவை மென்று துப்புவது. உமிழ்நீரிலும் அமைலேஸ் உண்டு. குஸ்கோவில் இன்று உங்களுக்குக் கிடைப்பது ஹோரா சிச்சாதான், பயப்பட வேண்டாம்.

பெரிய கண்ணாடிக் குவளையில் வரும். முதல் சொட்டுகளை பச்சமாமாவுக்கு, அதாவது பூமித்தாய்க்கு, தரையில் சிந்திவிட்டுக் குடிப்பது வழக்கம். புளிப்பு பிடிக்காவிட்டால் ஸ்ட்ராபெரி சேர்த்த ஃப்ருத்தியாதா கேளுங்கள். நொதித்தல் பானைக்குள் நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதால், இன்று இனிக்கும் சிச்சா நாளை மறுநாள் நாக்கைச் சுருக்கும்.

ஆனால் இதையெல்லாம் வந்து இறங்கிய அன்றே ஆரம்பிக்காதீர்கள். ஆக்சிஜன் குறைந்த காற்றில் மூச்சு வேகமாகும், உடலில் நீர் வற்றும், பசி மந்தமாகும். மது சேர்ந்தால் தலைவலி எதனால் என்றே தெரியாது. முதல் நாள் கிழங்கும் சூப்பும் போதும். ஆக்சிஜன் குறைவான இடத்தில் மாவுச்சத்துதான் லாபம்: ஒரு லிட்டர் ஆக்சிஜனை வைத்து அதை எரித்தால் சுமார் 5 கிலோகலோரி கிடைக்கும், கொழுப்பை எரித்தால் 4.7 தான். விடுதியில் கையில் கொடுக்கும் கோகா இலைத் தேநீர் லேசான ஊக்கம் தரும். மலைநோயைத் தடுக்கும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. குடித்த பிறகு சிறுநீர்ப் பரிசோதனையில் கோகைன் தடயம் காட்டக்கூடும் என்பது மட்டும் நிச்சயம். பெருவில் சட்டப்படி விற்கும் அந்த இலையை ஊருக்குக் கொண்டுவரப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இந்தியாவில் 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின்படி அது குற்றம்.